திருமதி மிருணாளினி சிவமணி மேடைக்கு வரவும்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அமைதியான இடம் வேண்டுமென்றால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். குலசேகரத்தின் உணவகத்தில் மதியச் சாப்பாடு மூன்றரைக்கு முடியும். மறுபடி அடுப்புப் பற்ற ஐந்தரை ஆகும். இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் சமையல்காரன் சிவமணி களஞ்சிய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பான். அங்கேயிருந்துதான் அவன் குடும்பம் நடத்தினான்.

குடும்பம் என்பது யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி மிருணாளினி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஊர்ப் பேச்சில் தொய்வு. 2010இல் பாரிசுக்கு வந்த சிவமணி அதன்பின் அவளை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, 2019 கடைசியில், இருபத்தெட்டு நாள். மற்ற நாளெல்லாம் அவனிடம் இருந்தது தொலைபேசியில் வரும் அவளுடைய மூச்சு.

"என்ன சமைச்சனீர்?" என்று கேட்பான். கத்தரிக்காய் என்றோ கீரை என்றோ அவள் சொல்வாள். அவன் காது பதிலில் இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும். அங்கே மெல்லிய விசில் ஒன்று கேட்டால் அவள் பம்ப் என்கிற இன்ஹேலர் மருந்தை இழுக்கவில்லை என்று அர்த்தம்.

"பம்ப் அடிச்சனீரோ?"

"அடிச்சனான்."

"பொய்."

"அங்கையிருந்து உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"விசில் கேக்குது."

"அது பக்கத்து வீட்டுக் குக்கர்."

பக்கத்து வீட்டில் குக்கர் இல்லை என்பது சிவமணிக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்பதும் தெரியும். ஸ்தேன் புறநகரில் அவன் குடியிருந்த மேல்மாடியில் அடுத்த கதவுக்காரரின் பெயர் மட்டும் இன்றுவரை தெரியாது.

அவளைக் கூப்பிட அவன் முயலாமல் இல்லை. வதிவிட அட்டை கிடைத்த பிறகு குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்தான். தொசியே, அதாவது விண்ணப்பக் கோப்பு, ஒன்றரைக் கிலோ கனத்தது. பிரெஞ்சுக் குடியரசு தன் கொள்கைகளைப் பொதுக் கட்டடங்களின் நெற்றியில் பொறித்து வைத்திருக்கிறது: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். நான்காவதாக இருபத்திரண்டு சதுர மீற்றர் என்பதையும் பொறிக்கக் கல்லில் இடம் போதவில்லை போலும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ அவ்வளவு இடம் வேண்டுமாம். அளப்பதற்கு ஓர் உத்தியோகத்தர் லேசர் கருவியோடு வந்தார். சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி ஓடியது. பத்தொன்பது என்றார்.

சிவமணி கூரை சரிந்திருந்த மூலையைக் காட்டினான். அங்கே உயரம் ஒரு மீற்றர் எண்பதுக்குக் குறைவு. சட்டத்தின் கண்ணில் அது இடமே இல்லை என்றார் உத்தியோகத்தர்.

மிருணாளினியின் உயரம் ஐந்தடி. அந்த மூலையில் அவள் நிமிர்ந்தே நிற்பாள். தலைக்கு மேலே ஒரு சாண் மிஞ்சும். இதைச் சிவமணி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினான். உத்தியோகத்தர் நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு பத்தொன்பது என்று எழுதினார்.

அன்றிலிருந்து அந்த மூலையில் சிவமணி எதையும் வைப்பதில்லை. சப்பாத்துக்கூட.

2022இல் இலங்கையில் டொலர் தீர்ந்தது. பிறகு பெற்றோல், பிறகு சமையல் எரிவாயு, பிறகு மருந்து. எரிவாயு இல்லாததால் அயல் முழுவதும் விறகடுப்புக்குத் திரும்பியது. புகை நேராக மிருணாளினியின் ஜன்னலுக்கு வந்தது. புகை கூடக் கூட பம்ப் குறைந்தது. கிளினிக்கில் இரண்டு கொடுத்தவர்கள் ஒன்று கொடுத்தார்கள். பிறகு "அடுத்த மாசம் வாங்கோ" என்றார்கள். மருந்துக் கடைகளில் "வரேல்லை" என்ற ஒரு சொல் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

இரண்டு முறை இழுக்க வேண்டிய இடத்தில் அவள் ஒரு முறை இழுக்கத் தொடங்கினாள். அதை அவள் சொல்லவில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்டது.

மறுநாள் சிவமணி டொக்டர் ரொபேரிடம் போனான். தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, மூச்சு விட்டும் காட்டினான். பன்னிரண்டு வருடம் கேட்டுப் பழகிய மூச்சு. விசில், இடைவெளி, தோள் எழும்பி இறங்குவது, எல்லாம் அச்சொட்டாக வந்தன. டொக்டர் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"அருமையான ஆஸ்துமா," என்றார். "ஆனால் உங்களுடையது இல்லை. தொண்டையில் இருக்கிறது, நெஞ்சில் இல்லை. யாருடையது?"

சிவமணி சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே உண்மையைச் சொன்னான். டொக்டர் அவனைத் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிடச் சொன்னார். திரையில் வெள்ளைக்காரரைக் கண்டதும் மிருணாளினி பாய்ந்து ஒரு துவாயை எடுத்துத் தோளில் போட்டாள்.

"ஐயோ, முதலே சொல்லக்கூடாதோ? நான் வீட்டுச் சட்டையோடை நிக்கிறன்."

"ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார், பார்ப்போம்," என்றார் டொக்டர்.

அவள் எண்ணினாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு... பதினாலில் நின்றது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நின்ற இடம் புரிந்தது. அவளுடைய கிளினிக் அட்டையைப் பார்த்தார். அதில் இரண்டு பம்ப் எழுதியிருந்தது: மூச்சு முட்டும்போது இழுக்கிற நீலம், முட்டாமல் இருக்கத் தினமும் இழுக்கிற மண்ணிறம். மண்ணிறம் எங்கே என்று கேட்டார்.

"அது கிடக்கு," என்றாள் மிருணாளினி. "மூண்டு உடைக்காமல் கிடக்கு. அது பெரிய மருந்து எண்டு டொக்டர் சொன்னவர். அதாலை கண்ணாடி அலுமாரிக்கை எடுத்து வைச்சிருக்கிறன்."

சிவமணிக்கு அந்த அலுமாரி தெரியும். கலியாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள் அதில் பதினைந்து வருடமாக இருந்தன. யாரோ பெரிய விருந்தாளி வருவார் என்று காத்திருந்த அந்தக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இப்போது மருந்தும் காத்திருந்தது. எங்கள் சனம் நல்லது எதையும் உடனே பாவிக்காது.

மொழிபெயர்த்துச் சொன்னதும் டொக்டர் தலையில் கை வைத்தார். "தலைகீழாகச் செய்திருக்கிறார். மண்ணிறத்தை இன்றைக்கே தொடங்கட்டும், காலையும் மாலையும், மூச்சு வருத்தம் இல்லாத நாளிலும். அதை ஒழுங்காக எடுத்தால் நீலம் குறைவாகத்தான் தேவைப்படும். தட்டுப்பாட்டுக்கு ஆயத்தம் என்றால் முதல் ஆயத்தம் அதுதான். அது முடியும் முன்னரே அடுத்ததற்குக் கிளினிக்கில் சொல்லி வைக்கட்டும். நீலத்தில் பாவிப்பது ஒன்று, உடைக்காமல் கையிருப்பில் ஒன்று. மிச்சம் எத்தனை என்று பின்னால் காட்டுகிற இலக்கத்தை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், காலாவதித் திகதியையும். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால் மிச்சம் பிடிக்கக் கூடாது. இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

பிறகு, சிவமணியின் பெயரில் எழுத முடியாது, அவள் பெயரில் எழுதலாம், ஆனால் காப்புறுதி எதையும் தராது என்றார். மூன்று நீலப் பம்ப் எழுதினார்.

"என்னவாம்?" என்றாள் மிருணாளினி.

"சொன்னபடி கேக்கட்டாம்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ. நல்ல மனிசனா இருக்கிறார். உங்களைப்போலை குக்கர் விசில் எல்லாம் கேக்கேல்லை."

மூன்று பெட்டியிலும் சிவமணி கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதினான்: திருமதி மிருணாளினி சிவமணி. இனி அனுப்ப வேண்டும். தபாலை யாரும் நம்புவதில்லை. லா ஷப்பலில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடையது. அந்த ஒக்ரோபரில் போகவிருந்தவர் ஞானரட்ணம்.

ஞானரட்ணம், பாரிசில் வாழும் ஊர்க்காரர்களின் ஒன்றியத்துக்குத் தலைவர். அது மட்டுமல்ல. அவருடைய விசிற்றிங் கார்ட்டில் முன்பக்கம் போதாமல் பதவிகள் பின்பக்கத்துக்கும் வழிந்திருந்தன. தொலைபேசி இலக்கம் போட இடமில்லாமல் அதைக் கையால் எழுதிக் கொடுப்பார். ஊருக்கு மருந்து கொண்டுபோக 'உயிர்மூச்சுத் திட்டம்' என்று ஒன்றை அவர் தொடங்கியிருந்தார்.

"தாரும் தம்பி. என்ரை கையாலை உம்மடை மனுசியின்ரை கையிலை குடுப்பன்," என்று வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை அது.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்தின் உணவகத்துக் கீழ்மண்டபத்தில் திட்டத்தின் தொடக்க விழா. சுவரில் பதாகை: இரண்டு பெரிய நுரையீரல்கள், நடுவில், இருதயம் இருக்க வேண்டிய இடத்தில், ஞானரட்ணத்தின் படம். மேசையில் பனடோல், பஞ்சு, யாரோ பாதி குடித்த இருமல் பாணி, உடைந்த வெப்பமானி ஒன்று. அவற்றுக்கு நடுவில், சிவப்பு ரிப்பன் கட்டிய தட்டில், மூன்று நீலப் பம்ப்.

மங்கல விளக்கு ஏற்ற வேண்டும். அதில்தான் சிக்கல் வந்தது.

"நெருப்புக் கொளுத்தினால் அலாரம் அடிக்கும்," என்றார் குலசேகரம். "போன முறை தீயணைப்புக்காரர் ஆறு பேர் வந்தவங்கள். கொத்து றொட்டி திண்டிட்டுத்தான் போனவங்கள்."

விளக்கில்லாமல் விழாவா? ஐந்து திரிக்கு இருபத்துநான்கு பிரமுகர்களை ஏற்கனவே அழைத்தாயிற்று. அறிவிப்பாளர் ஸ்ரனிஸ்லாஸ்தான் வழி கண்டுபிடித்தார். சாதாரணமாகப் பேசும்போது அவர் நல்ல மனிதர். ஒலிவாங்கி கைக்கு வந்தால் வேறு ஆள்.

"மங்கலச் சுடருக்கு மாற்றாக, எம்முறவுகளின் மூச்சுக்காற்றை இம்மண்டபமெங்கும் மலரச் செய்து விழாவினைத் தொடக்கி வைக்குமாறு பிரமுகப் பெருமக்களை அன்புடன் அழைக்கின்றோம்!"

சிவமணி வடைத் தட்டோடு படியிறங்கி வந்தபோது முதல் 'புஸ்' கேட்டது.

ஞானரட்ணம் நீலப் பம்பை உயர்த்திப் பிடித்து, விமானத்திலிருந்து பூத்தூவுகிறவர் போல, காற்றில் அடித்தார். கைதட்டல். புகைப்படக்காரர் "ஐயா, இன்னொருக்கால், கண் மூடிட்டியள்" என்றார். புஸ். அடுத்து முன்னாள் தலைவர். புஸ், புஸ். அதற்கு முந்தின தலைவர். விளையாட்டுக் கழகம். பழைய மாணவர். "நான் எதுக்கு, வேறை ஆரையும் கூப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி ஒவ்வொருவராக எழும்பினார்கள். பம்பின் முதுகில் இருந்த சின்னச் சாளரத்தில் இலக்கம் இறங்கியது.

சிவமணி தட்டைப் பிடித்தபடி நின்றான். புகையில்லாத நாளில் அவளுக்கு இரண்டு போதும். புகை நாளில் நாலு. அந்தக் கழகம் ஒரு நாள். அந்தப் பழைய மாணவர் இன்னொரு நாள். போய்த் தடுக்கலாம். தடுத்தால் ஞானரட்ணம் முகம் சிவப்பார். முகம் சிவந்தவர் கொண்டுபோக மாட்டார். இந்த மாதம் போக வேறு ஆளில்லை. களஞ்சிய அறையில் நேற்றுக் கேட்ட விசில் இன்னும் காதுக்குள் இருந்தது. தட்டு சாய்ந்து ஒரு வடை விழுந்தது.

பதினைந்தாவது ஆளோடு விழா தடைப்பட்டது. பக்கத்து ஊர் ஒன்றியத்தின் தலைவர், இவர்கள் அமத்திய பம்பைத் தாம் அமத்த முடியாது என்றார். அது தமது ஊருக்கு அவமானம். சிறிய ஆலோசனைக்குப் பிறகு இரண்டாவது பெட்டி உடைக்கப்பட்டது. சாளரத்தில் இருநூறு. புஸ். அவருடைய கண்ணும் மூடிவிட்டது. புஸ்.

இருபத்துநாலாவது ஆளும் முடிந்தது. ஸ்ரனிஸ்லாஸ் பட்டியலில் யாரும் விடுபட்டுவிட்டார்களா என்று மேசையைத் துழாவினார். விடுபடுவதுதான் எங்கள் சங்கங்கள் பிளவுபடுவதற்கு முதற் காரணம். மூன்றாவது பெட்டி கையில் பட்டது. அதில் ஒரு பெயர்.

"அடுத்ததாக, திருமதி மிருணாளினி சிவமணி அவர்களை மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கின்றோம்!"

யாரும் எழும்பவில்லை.

"திருமதி மிருணாளினி சிவமணி அவர்கள்! மண்டபத்தில் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

சனம் திரும்பிப் படியைப் பார்த்தது. சிவமணியும் திரும்பினான். முட்டாள்தனம்தான். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் இந்த நாட்டில் யாரும் அவளை வரவும் என்று சொன்னதில்லை. வதிவிட அட்டை தரும் ப்ரெபெக்சர் சொல்லவில்லை, லேசர் கருவி சொல்லவில்லை. முதன்முதலாக ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்கிறார். படியில் மேலிருந்து தெரு வெளிச்சம் இறங்கியிருந்தது. வந்தால் அவள் கைபிடியைப் பிடித்து மெதுவாகத்தான் இறங்குவாள். நாலாவது படியில் நிற்பாள். மூச்சு வாங்கியது தெரியாமல் இருக்க, சேலையைச் சரிசெய்வதுபோல் குனிவாள்.

"மூன்றாவதும் இறுதியுமான அழைப்பு..."

சிவமணி வடைத் தட்டைப் பக்கத்து ஊர்த் தலைவரின் மடியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனான்.

"அவ வரேல்லை," என்றான்.

"ஏன் தம்பி, ட்ராஃபிக்கோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். ஒலிவாங்கியை அவர் அணைக்கவில்லை.

"ஓம் அண்ணை. பன்ரெண்டு வருசமா."

மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு ஓரங்களில் இருந்து அணைந்துகொண்டு வந்தது. சிவமணி உடைத்த இரண்டு பம்பையும் எடுத்துச் சாளரத்தைப் பார்த்தான்.

"இதிலை நூற்றி எழுபத்தொண்டு. இதிலை நூற்றி எண்பத்திமூண்டு. நாப்பத்தாறு போட்டுது. இஞ்சை ஒருத்தருக்கும் தொய்வு இல்லை. அவவுக்கு இருக்கு." மூன்றையும் ஏப்ரன் பைக்குள் போட்டான். "வடை ஆறப்போகுது, சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஞானரட்ணம் எழுதி வைத்திருந்த பேச்சை வாழ்க்கையில் முதல்தடவையாக வாசிக்காமலே மடித்து வைத்தார். அன்று விழா குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது, அதுவும் முதல்தடவை.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் களஞ்சிய அறைக் கதவு தட்டப்பட்டது. ரை கட்டாத ஞானரட்ணத்தைச் சிவமணி அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்சம் சின்ன ஆளாகத் தெரிந்தார். உட்காரச் சொல்லாமலே எதிர் மூட்டையில் உட்கார்ந்தார்.

"கோவமோ?"

"கோவப்பட்டால் ஆர் அண்ணை கொண்டு போறது?"

"தாரும்." கையை நீட்டினார். "சூட்கேசிலை வைக்கேல்லை. கைப்பையிலை, என்ரை மடியிலை கொண்டு போவன். மேடையில்லை, மாலையில்லை. படமும் எடுக்க மாட்டன்."

"படம் எடுங்கோ அண்ணை," என்றான் சிவமணி. "எடுத்து எனக்கு ஒண்டு அனுப்புங்கோ."

எட்டு நாள் கழித்துப் படம் வந்தது. பழக்கம் விடாது: நடுவில் ஞானரட்ணம், கோட்டும் சூட்டுமாக, வியர்வையில் நனைந்து, பையை நீட்டிக்கொண்டு நின்றார். எடுத்தவர் யாரோ அவருக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருந்தார். மிருணாளினி ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தாள். ஒரு கை, ஒரு தோள், முகத்தில் பாதி. சிவமணி விரலால் தலைவரைப் படத்துக்கு வெளியே தள்ளித் தள்ளி, அந்தப் பாதியைத் திரை முழுவதும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அழைத்தான்.

"ஐயா வெயிலுக்கை கோட்டோடை வந்தவர்," என்றாள். "பாவமா இருந்துது. கண்ணாடி அலுமாரிக் கோப்பையிலை தேத்தண்ணி குடுத்தனான்."

"அதையும் எடுத்தாச்சோ?"

"மருந்தை எடுத்தாச்சு, இனிக் கோப்பை மட்டும் எதுக்கு? இஞ்சாருங்கோ, ஏன் இதிலை நூற்றி எழுபத்தொண்டு எண்டு நிக்குது? பாவிச்ச பம்போ அனுப்பினனீங்கள்?"

"லா ஷப்பல் பெரியாக்கள் அமத்திப் பாத்தவை."

"ஏன், அவையளுக்கும் தொய்வோ?"

"இல்லை. அது வேறை வருத்தம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி விசிலடித்தது.

"அடியும்," என்றான்.

பம்பை ஆட்டும் சத்தம். அவள் மூச்சை முழுவதும் வெளியே விட்டாள். புஸ். இந்த முறை அது காற்றில் போகவில்லை. உள்ளே பிடித்து வைத்திருக்கும் பத்து விநாடியும் தொலைபேசியில் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைக்குப் பின்னால் மெத்ரோ சுவரை அதிரவைத்துப் போனது. சிவமணியும் தன் மூச்சைப் பிடித்திருந்தான்.

சற்றுப் பொறுத்து, "இப்ப எண்ணும்," என்றான். "ஒரே மூச்சிலை."

ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று அவள் தொடங்கினாள். பத்தில் குரல் தெளிவாக இருந்தது. பதினாலைத் தாண்டியது. பதினைந்து, பதினாறு. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்தேனில் அந்தச் சரிந்த கூரை மூலையைப் பார்த்தான். பதினேழு, பதினெட்டு.

"பத்தொன்பது," என்றாள், நிறுத்தினாள்.

அவன் காத்திருந்தான்.

"அவ்வளவுதான்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "காணாதோ?"

"காணும்," என்றான் சிவமணி. "இருபத்திரண்டுக்கு இன்னும் மூண்டுதான்."

"நாளைக்குப் பாப்பம். வையுங்கோ, அடுப்பு மூட்டுற நேரம் உங்களுக்கு."

அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.